வலது சிறகிலிருந்து மூன்று இறகுகள்

என் ஷீபா,

வீட்டில் உன்னை மைனி என்று கூப்பிடச் சொன்னார்கள். அண்ணனுக்கும் உனக்கும் கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலமே அம்மா அதைச் சட்டமாக்கிவிட்டாள். ஒன்றரை வருஷம் அப்படியே கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் முடியாது. கல்லூரி மைதானத்தில், விரல்களில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிக்கொண்டு வில்லோடு நின்ற ஷீபாவிடம்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

நம் சபை வாலிபர் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகையில், கிறிஸ்துமஸ் இதழில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடு லதா" என்று செயலாளர் வந்து கேட்டார். நாலு நல்ல வார்த்தைகள் உன் அடக்க ஆராதனை நோட்டீசிலேயே அச்சாகிவிட்டன. அடக்கம், பொறுமை, பணிவு, ஜெபம். அதை வாசித்தபோது யாரைப் புதைக்கிறோம் என்றே எனக்குப் புரியவில்லை. அந்த நோட்டீசில் வில் இல்லை. நீ ஐம்பது மீட்டரில் நின்று வாழைத்தடியைத் துளைத்தது இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. அவர்கள் சேர்க்காவிட்டால் வாசகசாலை மேஜையில் நானே கொண்டுபோய் வைப்பேன்.

முதலில் செய்திகள். மழை நின்றுவிட்டது. பாறசாலை போகும் வழியில், முக்கில் எஸ்.டி.டி. பூத் ஒன்று வந்திருக்கிறது; அண்ணன் அங்கே போய் வெளியூரில் இருக்கும் மாமாவோடு கத்திப் பேசுகிறான். நான் இன்னும் நெய்யாற்றின்கரையில் அந்த வக்கீல் ஆபீசில்தான் டைப் அடிக்கிறேன். பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. தொழுவத்தை இப்போது அண்ணன்தான் கழுவுகிறான்.

ஆமாம், அண்ணன்தான். முட்டுவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கழுவுகிறான். எலிக்காய்ச்சல் காலில் உள்ள புண் வழியாக ஏறும் என்று உன்னைப் பார்த்த டாக்டர் சொன்னார் அல்லவா? உன்னைப் புதைத்துவிட்டு வந்த வாரத்திலேயே வாங்கிவிட்டான். நீ ஒன்றரை வருஷம் அந்தத் தொழுவத்தில், அந்த மழைத் தண்ணீரில், விரலிடுக்குப் புண்ணோடு வெறுங்காலில் நின்றாய். அப்போது அந்த பூட்ஸ் எந்தக் கடையிலும் இல்லாமலா இருந்தது?

இதை ஊரார் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாம் டிகிரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது விளையாட்டு சார் எங்கிருந்தோ நாலு மூங்கில் வில் கொண்டுவந்தார். முதல் நாள் இருபது பெண்கள் வந்தார்கள். இரண்டாம் வாரம் நீயும் நானும் மட்டும் மிச்சம். எனக்குத் தென்னை மரத்தைக்கூடக் குறிபார்த்து அடிக்கத் தெரியவில்லை. "நீ விட்ட அம்பைத் தேடதுக்கே தனியா ஒரு ஆளு வேணும் லதா" என்று நீ சொன்னாய். அந்த ஆளும் நானே ஆனேன். அம்பு பொறுக்குவது, பழுது பார்ப்பது, வாலில் இறகு ஒட்டுவது எல்லாம் என் வேலை.

கல்லூரி தந்த அம்புகளின் இறகெல்லாம் ஒரே மழைக்காலத்தில் உரிந்துபோயின. புதிதாக வாங்கித் தர யாரும் இல்லை. இரண்டு பெண்கள் ஆடும் விளையாட்டுக்கு எந்தக் கல்லூரி வாங்கித் தரும்? நீ உன் வீட்டு வான்கோழிகளைப் பார்த்தாய்.

உன் அம்மா கிறிஸ்துமசுக்காக வான்கோழி வளர்ப்பவர். பூவாரிலிருந்துகூட ஆட்கள் வந்து வாங்குவார்கள். கூட்டத்தில் பெரிய சேவலுக்கு நீ 'உபதேசியார்' என்று பேர் வைத்திருந்தாய். யார் வந்தாலும் நெஞ்சை விரித்து, கழுத்துச் சதை சிவக்க, நிறுத்தாமல் பிரசங்கம் செய்யும். நம் சபையின் நிஜ உபதேசியார் ஒரு நாள் வீட்டுச் சந்திப்புக்கு வந்தபோது இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றதும், நீ சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்கு ஓடியதும் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பணிவு என்று அச்சடித்தவர்கள் அன்று உன்னைப் பார்த்திருக்க வேண்டும்.

இறகின் நடுத்தண்டைப் பிளேடால் நெடுக இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்த அடியை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். பிறகு அம்பின் வாலில் சமதூரத்தில் மூன்று இறகு ஒட்டி, நுனியை நூலால் சுற்றி, சூடாக்கிய கம்பியால் ஓரத்தைக் கருக்கி வடிவம் கொண்டுவர வேண்டும். இது எதையும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் ஒட்டிய அம்புகள் குடித்தவன் நடப்பதுபோலப் போயின. பத்து நாள் நீ அந்த இறகுகளை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஒரு நாள் வகுப்பு நடுவில் என் தொடையில் கிள்ளினாய்.

"எட்டி, சிறகாக்கும் விஷயம். எடது சிறகுல உள்ளது ஒரு பக்கம் வளையுது, வலது சிறகுல உள்ளது மறுபக்கம் வளையுது. ஒரு அம்புல மூணும் ஒரே சிறகுல உள்ளதா இருக்கணும்."

அப்படித்தான் இருந்தது. மூன்றும் ஒரே பக்கம் வளைந்தால் அம்பு சுழன்றுகொண்டு நேராகப் போகும். ஒன்று மாறினாலும் இரண்டு இறகு ஒரு பக்கம் திருக, மூன்றாவது எதிர்ப்பக்கம் இழுக்கும். அம்பு வாலை ஆட்டிக்கொண்டே விலகும்.

டிகிரி கடைசி வருஷக் கிறிஸ்துமஸ் வாரத்தில் உங்கள் வீட்டுப் பலா மரத்தடியில் இறகு பறித்தோம். வெட்டிய கோழியைக் காலில் கயிறு கட்டிக் கொம்பில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் என் இடக்கைப் பக்கத்தில் இருந்த சிறகைப் பிடித்து இழுத்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"உனக்க எடது இல்ல, அதுக்க எடது. நீ கோழியாட்டு நின்னு யோசி."

"கோழியாட்டு நிக்கணும்னா தலைகீழா தொங்கணும்."

"தொங்கு. படிச்ச பிள்ளதானே."

உன் அம்மா கோழியை விட்டுவிட்டு நம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இடது இறகுகளை வெள்ளை நூலாலும், வலது இறகுகளை நீல நூலாலும் நீ கட்டி வைத்தாய்.

அந்த அம்புகள் ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடக்கும் தேர்வுக்கு. அதில் நீ தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விப் படிப்புக்குப் போகலாம். உன் அப்பா ஒத்துக்கொண்டிருந்தார், அவர் பாணியில்: "கிட்டினா போய்ப் படி. கிட்டல்லன்னா மரியாதையா கல்யாணத்துக்கு நில்லு. பின்ன ஒரு பேச்சு கூடாது." ஒரு பெண்ணின் முழு ஆயுளையும் ஒரே காலைப்பொழுதின் மேல் கட்டித் தொங்கவிடுவதை நம் ஊரில் தகப்பனின் பெருந்தன்மை என்று சொல்கிறார்கள்.

பன்னிரண்டு அம்பு, முப்பத்தாறு இறகு. ஒன்பது அம்பை எங்கள் வீட்டில் நீயும் நானும் சேர்ந்து முடித்தோம். அன்று மத்தியானம் உனக்குப் புதுவருஷ ஆராதனைக்கான பாட்டுப் பயிற்சி. "மிச்சம் மூணையும் நீ ஒட்டு, நான் இப்போ வாறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனாய்.

ஷீபா, இனி வருவது உனக்குத் தெரியாது என்று மூன்று வாரத்துக்கு முன்புவரை நினைத்திருந்தேன்.

கம்பியை அடுப்பில் அதிகம் சுட்டுவிட்டேன். ஒட்டிய மூன்று அம்பிலும் அம்புக்கு ஒன்றாக மூன்று இறகு கருகிப்போயின. வெள்ளை நூல் கட்டில் வேறு இறகு இல்லை. ஒரு வாரமாக உன் முன்னால், "எனக்க கை பட்டா தூவலும் பூவாக்கும்" என்று, இறகு ஒட்டும் கையைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தவள் நான். நீ வந்து கருகியதைப் பார்த்தால் சிரிப்பாய். அந்தச் சிரிப்பு வேண்டாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

நீலக் கட்டிலிருந்து மூன்று இறகு எடுத்தேன். அம்புக்கு ஒன்று. கெண்டியின் ஆவியில் காட்டி வளைவை நிமிர்த்தினேன். ஒட்டி, நூல் சுற்றி, ஓரம் கருக்கியதும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நீ திரும்பி வந்து, இறகு போதுமானதா என்று பார்த்து, "எடது தெகஞ்சுதா?" என்று கேட்டாய். "கச்சிதமா தெகஞ்சு" என்றேன்.

பத்தடி தூரத்திலிருந்து வாழைத்தடியில் அடித்துப் பார்த்தோம். பன்னிரண்டும் போய்க் குத்தின. பத்தடியில் இறகுக்கு என்ன வேலை? அடுத்த இரண்டு நாளும் மழை.

தேர்வு மைதானத்தை நீ மறந்திருக்கமாட்டாய். காரில் வந்து இறங்கிய பிள்ளைகள், பஞ்சு வைத்த பெட்டியில் படுத்திருந்த அவர்களுடைய அம்புகள். உன் அம்புகளை நான் உன் அம்மாவின் பழைய முண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். ஒரு பெண் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். நீ அவளைப் பார்த்து, "எங்க உபதேசியாரு தந்ததாக்கும்" என்றாய். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நிமிஷம்வரை நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய்!

ஒரு சுற்றுக்கு ஆறு அம்பு. முதல் சுற்றில் நாலு அம்பு இலக்கின் நடுவில் உள்ள மஞ்சளையும் சிவப்பையும் தொட்டன. இரண்டு வாலை ஆட்டிக்கொண்டு போய்ப் புல்லில் விழுந்தன. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். அடுத்த சுற்றில் ஒன்று. அதற்கடுத்ததில் மறுபடி இரண்டு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அம்புகளைப் பிடுங்கி உன் கையில் தந்தவள் நான்தான். எந்த மூன்று என்று எனக்குத் தெரியும். அவற்றை விலக்கினால் மீதி ஒன்பது. ஒரு சுற்றுக்கு ஆறுதான் வேண்டும். ஒரே ஒரு வார்த்தை போதும், ஷீபா. 'இதை விடு' என்று ஒரு வார்த்தை. ஏன் கருகின, ஏன் மறைத்தாய் என்று நீ கேட்பாயே என்று பயந்து, அந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

குறிப்பெழுதிக்கொண்டிருந்தவர் இரக்கத்தோடுதான் சொன்னார். "கை விறய்க்குந்நுண்டு மோளே. அடுத்த கொல்லம் நோக்காம்." கை நடுங்குகிறதாம், அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அம்பு சிதறினால் அவர் கையைத்தானே பார்ப்பார்? எங்கள் வீட்டு அடுப்பையா பார்ப்பார்?

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்தாய். பாலராமபுரம் தாண்டினோம். பிறகு வலது கையை என் முன்னால் நீட்டினாய், விரல்களை விரித்து.

"லதா, எனக்க கை நடுங்குதா பாரு."

பார்த்தேன். அந்த ஆட்டமான பஸ்ஸில் அந்த ஒரு கை மட்டும்தான் ஆடாமல் இருந்தது.

"கொஞ்சம்" என்றேன்.

அதன் பிறகு நடந்ததை ஊர் அறியும். 'ஷீபாவுக்குக் கை நடுக்கம், அதான் கிடைக்கவில்லை' என்று உன் வீட்டிலிருந்து சபை வாசல்வரை பேச்சாயிற்று. என் அண்ணனுக்குக் கேட்டால் என்ன என்று முதலில் வாயெடுத்தவளும் நான்தான். வேறெங்கோ போவதற்கு நம் வீட்டுக்கு வரட்டும், கண் முன்னால் இருக்கட்டும் என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்வதாக நம்பினேன். ஈஸ்டர் கழிந்து கல்யாணம். வில்லைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு அம்பையும் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

எங்கள் வீட்டில் உன்னை யாரும் அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. அதைச் சொல்லியே எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்கள். விடியும் முன் தொழுவம், பிறகு அடுக்களை, பிறகு ரப்பர் பால் உறையூற்றும் ஷெட், மறுபடி தொழுவம். அண்ணன் நல்லவன். நல்லவன் என்றால், அம்மா சொல்வதற்கு எதிராக ஒன்றும் சொல்லாதவன்.

துலாம் மாத மழையில், ஐப்பசியில், உனக்குக் காய்ச்சல் வந்தது. "காய்ச்சல் ஆருக்குத்தான் வரல்ல? சுக்கும் மல்லியும் இட்டு வெள்ளம் குடி, தன்னால போவும்" என்றாள் அம்மா. நீ குடித்துவிட்டுப் பசுவுக்குப் புல் அறுக்கப் போனாய். நாலாம் நாள் கெண்டைக்கால் வலிக்கிறது என்று படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் கண் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். "ஞாயிறு கன்வென்ஷன் கழியட்டும் லதா, ஆளும் பேரும் வந்து நிக்கும்போ எப்படிப் போறது?" என்றான் அண்ணன். சபைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் நீதான் சோறு வைத்தாய். நான் ஒரு தடவை சொன்னேன். கத்தவில்லை. ஆட்டோ பிடிக்கவில்லை. திங்கட்கிழமை உன் கண் மஞ்சளாகிவிட்டது. மெடிக்கல் காலேஜில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?" என்பதுதான்.

எங்கே இருந்தோம்? அதே வீட்டில்தான் இருந்தோம்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, உன் சேலைகளை உன் அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் என்னைப் பெட்டியைத் திறக்கச் சொன்னான். அடியில் அதே பழைய முண்டு. பிரித்தேன். ஒன்பது அம்பு ஒன்றாகக் கட்டியிருந்தது. மூன்று தனியாக இருந்தன.

எந்த மூன்று என்று நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மூன்றிலும் நான் ஒட்டிய அந்த ஒற்றை வலது இறகு மட்டும் உரித்தெடுக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டுக்கும் ஒரு கீறலும் இல்லை. இரண்டு அம்பில் அந்த இடத்தில் புதிய இறகு இருந்தது. இடது இறகு. உன் கை வேலை, நூல் சுற்றிலேயே தெரிந்தது. மூன்றாவது அம்பில் அந்த இடம் சுத்தமாகச் சுரண்டப்பட்டு, பென்சிலால் ஒரு கோடு போட்டு, காலியாக இருந்தது.

எப்போது தெரிந்துகொண்டாய், ஷீபா? கல்யாணம் கழிந்தபிறகு, எங்கள் வீட்டில் ஆளில்லாத ஏதோ ஒரு மத்தியானத்தில் அம்புகளை எடுத்துப் பார்த்தபோதா? அல்லது அந்த பஸ்ஸிலேயே தெரியுமா? கையை நீட்டி என்னிடம் கேட்டாயே, அது உன் கையைப் பற்றிய கேள்வியா, என்னைப் பற்றிய கேள்வியா?

தெரிந்த பிறகும் என்னோடு எப்படிச் சிரித்தாய்? என் முடியில் எப்படிப் பேன் பார்த்தாய்? நான் மைனி, மைனி என்று வந்து நின்றபோதெல்லாம் என்னை ஒரு தடவையாவது அறைந்திருக்கலாமே?

நேற்றுக் காலை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா பலா மரத்தடியில் இருந்தார். கொம்பில் தலைகீழாகத் தொங்கியது உபதேசியார்.

"வா மக்கா. கையக் கெட்டிட்டு நிக்காத, அந்தச் சிறகப் பிடி."

"இவனையா மாமி வெட்டுனிய?"

"பின்ன? இவன் நெஞ்ச விரிக்கும்போ ஒக்க அவளுக்க சிரிப்புதான் காதுல கேக்குது. எத்தன நாளு கேக்கது? போட்டும்." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். "கிழவனாக்கும். மூணு விசில் கூடுதல் வைக்கணும். பிரசங்கம் செய்து செய்து எறச்சியும் கல்லாப் போயிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு தூவல் வேணும் மாமி."

அவர் கை நின்றது. "அவளும் கேட்டா, போன கிறிஸ்துமசுக்கு வந்தப்போ. மூணு கேட்டா. போன வருசம் ஒக்க உசிரோட வித்தாச்சு, வீட்டுக்கு வெட்டினது ஒண்ணுதான். அதும் கூட்டுக்குள்ள கெடந்து அடிச்சு சிறக ஒடிச்சு வச்சிருந்து. ரெண்டுதான் தேறிச்சு. மூணாவத அடுத்த வருசம் எடுத்துக்கிடுதேன்னா."

"எதுக்குன்னு சொன்னாளா?"

"அம்ப செரியாக்கணும்னா. கை நடுங்குதவளுக்கு அம்பு எதுக்காக்கும்னு நான் கேட்டேன். 'கைக்கு ஒண்ணும் இல்ல அம்மா'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல்ல. தூவல தாளுல பொதிஞ்சு பையில வச்சிட்டுப் போனா."

நான் சொன்னேன். அடுப்பு, கருகிய இறகு, நீல நூல், மைதானம், எல்லாம். உன் அம்மா கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்சுல அவ கையக் காட்டிக் கேட்டான்னியே. நீ என்ன சொன்ன?"

"கொஞ்சம்னு சொன்னேன் மாமி."

உன் அம்மா அழவில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த பூம்பஞ்சு இறகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "அவளுக்க அப்பா, இன்னொரு வருசம் பாக்கட்டுமான்னுதான் முதல்ல கேட்டாரு. கை நடுங்குதாம், பின்ன எதுக்கு காத்துக் கெடக்கணும்னு சொன்னது நானாக்கும்." பிறகு குரல் மாறியது. "போ எட்டி. எனக்க கண்ணு முன்னால நிக்காத."

நடந்தேன். வேலித் தடுப்பைத் திறக்கும்போது பின்னாலிருந்து, "நில்லு" என்றார்.

தொங்கிய கோழியை ஒரு தடவை திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"எடது எது? நமக்கா, அதுக்கா?"

"அதுக்கு, மாமி."

பெரிய இறகாகப் பார்த்து ஒன்றைப் பிடுங்கி, முண்டின் முனையில் துடைத்து நீட்டினார். என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். இறகு தந்தார், அவ்வளவுதான். அது உன் அம்புக்காகத் தந்தது, எனக்காக அல்ல.

அந்த இறகு இப்போது இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கருப்பும் வெள்ளையுமாக வரி ஓடுகிறது. பிளந்து, தேய்த்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை கம்பியை அதிகம் சுடமாட்டேன். பென்சில் கோட்டிலிருந்து மயிரளவு விலகாமல் ஒட்டுவேன். புதுவருஷம் பிறப்பதற்குள் உன் பன்னிரண்டு அம்பும் சரியாகிவிடும். அவற்றைக் கொண்டுபோய் விளையாட்டு சாரிடம் கொடுத்து, ஐம்பது மீட்டரில் எய்யச் சொல்வேன். வருகிறவர்கள் வந்து பார்க்கட்டும். உன் அப்பாவையும் என் அம்மாவையும் நானே கூட்டி வருவேன்.

நம் வீட்டில் இனி எந்தப் பெண்ணின் காய்ச்சலும் ஞாயிற்றுக்கிழமை கழிவதற்குக் காத்திருக்காது. அண்ணனிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கத்திச் சொன்னேன். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.

இந்தப் பக்கத்தை யாராவது கிழித்துப் போட்டாலும், உன் கையைப் பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் எழுந்து நின்று சொல்வேன். சபையில் சொல்வேன், பஸ்ஸில் சொல்வேன், கல்யாண வீட்டில் சோற்றுக்கு நடுவில் சொல்வேன். நீ கையை நீட்டிக் கேட்டதற்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. அதை இங்கே எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

நடுங்கவில்லை, ஷீபா. கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

உன் புருஷனின் தங்கச்சி,
உன் அம்புகளுக்கு இறகு ஒட்டியவள்,
லதா